அவசரமில்லாத பிள்ளை

தூவானம் எஸ்டேட் மூன்றாம் டிவிஷனில் சந்திரமதி என்று ஒருத்தி இருந்தாள், அவளுக்குப் பத்து மாதம் முடிந்தும் பிள்ளை பிறக்கவில்லை, பதினோராம் மாதமும் பிறக்கவில்லை, அந்த வருஷத்து மழை நின்று பனி விழுந்து, பனி போய் வெயிலில் தேயிலை கருகி, மறுபடி மழை வந்து அட்டைகள் காலில் ஏறத் தொடங்கியபோதும் பிறக்கவில்லை. இதை அங்கே இருப்பவர்கள் இன்றைக்கும் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதுமில்லை, கண்ணை விரிப்பதுமில்லை, பால் வண்டி சரிவில் கவிழ்ந்ததையும் சிறுத்தை வந்து நாயைக் கவ்விக்கொண்டு போனதையும் எப்படிச் சொல்வார்களோ அதே மாதிரிதான் சொல்வார்கள்.

சந்திரமதிக்கு எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டுவிட்டு மலை ஏறுவார்கள், சாயங்காலம் ஈரச் சேலையோடு வந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போவார்கள், கடைசிக் குழந்தையும் போன பிறகு அவள் தொட்டில்களை உதறிக் கட்டிவிட்டுத் சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் தன் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். புருஷன் குருநாதன் எஸ்டேட் சம்பளத்தில் காலம் தள்ள முடியாது என்று திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான், வந்ததும் தூங்குவான், எழுந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

அவளுக்கு இதற்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்திருந்தது. மாமியார் சொர்ணம் கெட்டவள் இல்லை, பயந்தவள். தானாகப் பிறக்கிற நாளில் பிறந்தால் அந்த நட்சத்திரம் தகப்பனுக்கு ஆகாது என்று ஜோசியர் சொன்னதைக் கேட்டுப் பயந்து, அவரிடமே வேறு ஒரு நல்ல நாளாகக் குறித்து வாங்கி, கீழே சமவெளியில் ஒரு நர்சிங் ஹோமில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். குறித்த நாளுக்கு எடுத்துத் தருகிறோம் என்று அவர்களும் சொன்னார்கள். ஊசி போட்டு வலி வரவழைத்து, குறித்த நாளில், குறித்த நேரத்துக்குள் ஆண் பிள்ளை பிறந்தது. அது மூச்சு விடக் கற்றுக்கொள்வதற்குள் வெளியே வந்துவிட்ட பிள்ளை. மறுநாள் மத்தியானம் வரை கண்ணாடிப் பெட்டிக்குள் நெஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. ஜோசியரைக் கேட்டார்கள், டாக்டரைக் கேட்டார்கள், குருநாதனின் தாய்மாமனைக்கூடக் கேட்டார்கள், சந்திரமதியை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அதுதான் அவளுக்கு ஆறாமல் கிடந்தது.

அதனால் இரண்டாவது முறை வயிற்றில் தங்கி, முதல் அசைவு தெரிந்த அன்றைக்கு, அவள் காப்பகத்துப் பின்கட்டில் போய் நின்று இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ யாருக்காகவும் அவசரப்பட வேண்டாம் சாமி. ஜோசியருக்காகவும் வேண்டாம், உங்கப்பனுக்காகவும் வேண்டாம். உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வா. அதுவரைக்கும் ஒருத்தரையும் உன்மேல கைவைக்க விடமாட்டேன்."

பிள்ளை கேட்டுக்கொண்டது.

எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் பெனிட்டா நாகர்கோவில்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், மலைக்கு வந்து தலை நரைத்தவர். நாள் கடந்து ஒரு வாரம் ஆனதும் அவர் சந்திரமதியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"இதுக்கு மேல விடக்கூடாது. உள்ள தண்ணி வத்திடும், நஞ்சுக்கொடி பழுத்திடும், புள்ளைக்கு மூச்சு முட்டும். போன தடவை அவசரப்பட்டது தப்பு. அதுக்காக இந்தத் தடவை தாமதிச்சா அதுவும் தப்புதான். ஊசி போட்டு வலி வரவைக்கலாம்."

"வேண்டாங்க டாக்டரம்மா."

"பயமா?"

"எனக்குப் பயம் இல்லீங்க. அதுக்கு இன்னும் தோணல."

டாக்டருக்குக் கோபம் வந்து, ஜீப்பில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். தண்ணீர் வற்றவில்லை. நஞ்சுக்கொடி பழுக்கவில்லை. பிள்ளையின் நெஞ்சு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. பிள்ளை வளரவும் இல்லை, இளைக்கவும் இல்லை, பிறக்கத் தயாரான பிள்ளை எப்படி இருக்குமோ அப்படியே தலையைக் கீழே வைத்துக்கொண்டு இருந்தது. கோயமுத்தூரிலிருந்து பெரிய டாக்டர்கள் இரண்டு பேர் வந்து தொட்டுப் பார்த்தார்கள், ஒருவர் ஊசி போடலாம் என்றார், இன்னொருவர் நன்றாக இருப்பதை எதற்குத் தொட வேண்டும் என்றார், இரண்டு பேரும் டாக்டர் பெனிட்டா வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு மலை இறங்கிப் போனார்கள்.

டீக்கடையில் அந்த மழைக்காலம் முழுவதும் இதே பேச்சாக இருந்தது. ஊசி போட்டுவிடலாம் என்று ஒரு கட்சி, விட்டுவிடலாம் என்று ஒரு கட்சி. லாரி டிரைவர் ஒருவர், நின்று போன வண்டியை எல்லோரும் சேர்ந்து தள்ளித்தானே கிளப்புகிறோம் என்றார், கொழுந்து எடை போடுகிறவர், இலை பருவம் வராமல் பறித்தால் கசக்கும் என்றார், முற்றினாலும் கசக்கும் என்று மூன்றாவது ஆள் சொன்னார், எல்லோரும் யோசித்துவிட்டு இன்னொரு டீ குடித்தார்கள். எஸ்டேட் ஆபீசில் வேறு விதமான குழப்பம். அவளுக்குக் கொடுத்த பிரசவ லீவு முடிந்துவிட்டது, பிரசவம் ஆகவில்லை, அதனால் மறுபடி வேலைக்கு வரட்டும், பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவள் அந்த வயிற்றோடு காப்பகத்துக்குத் திரும்பி வந்தாள். காப்பகத்துக் குழந்தைகள் தவழ்ந்து வந்து அவள் வயிற்றில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, தங்கள் வேலையைப் பார்க்கப் போயின.

இரண்டாம் வருஷம் வளைகாப்பு மறுபடி போட வேண்டுமா என்று பெண்களுக்குள் கேள்வி வந்தது. முதல் வருஷத்து வளையல்கள் பாதி உடைந்துவிட்டன, வளையல் உடைந்த கையோடு மாசமான பெண்ணை நிறுத்தக் கூடாது என்று யாரோ சொல்ல, மறுபடி போட்டார்கள். மூன்றாம் வருஷம் அதைக் கேட்கவே இல்லை, ஆடி முடிந்து வந்த முதல் நல்ல நாளில் சந்திரமதி வளைகாப்பு என்று அது டிவிஷனில் ஒரு வழக்கமாகிவிட்டது. ஐந்து வகைச் சோறும் மைக் செட்டும் பந்தலுமாக நடக்கும், எல்லோரும் சாப்பிடுவார்கள், பெண்கள் அவள் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டே போவார்கள், கடைசியில் வாழையிலைகளுக்கு நடுவே கை நிறைய வளையலோடு அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது அவளுக்கு முன்போல இல்லை. டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தாலும் அவளோடு ஒரு ஆள் உள்ளே வந்தது. அடுப்பைப் பற்றவைக்கும்போது உதைத்தது, அவள் படுத்தால் புரண்டு தனக்கு வசதியாக இடம் பண்ணிக்கொண்டது, விக்கல் எடுத்தது, அவள் கவலைப்பட்டால் அசையாமல் இருந்தது. உலகத்தில் எந்தத் தாய்க்கும் பத்து மாதத்துக்கு மேல் கிடைக்காத துணை தனக்குக் கிடைத்திருக்கிறது என்று அவள் சில நாள் நினைத்தாள். நினைத்துவிட்டு அந்த நினைப்பைச் சட்டென்று மூடிவைத்தாள்.

குருநாதன் பிரசவ நாள் நெருங்கியபோது வாரா வாரம் வந்தான், பிறகு பழையபடி மாதம் ஒரு தடவை, பிறகு பண்டிகைக்கு. ஒரு தடவை வந்தவன் தூங்காமல் வாசல் படியில் உட்கார்ந்து மழையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்பெனில எல்லார்கிட்டயும் பொண்டாட்டி மாசமா இருக்கான்னு சொன்னேன். பக்கத்து மிசின்காரன் அதுக்கப்புறம் கல்யாணம் பண்ணி, ரெண்டு பெத்துட்டான். நான் இன்னும் அதையேதான் சொல்லிட்டு இருக்கேன்."

அவள் கூரை ஒழுகிய இடத்தில் சட்டியை நகர்த்தி வைத்தாள்.

"எனக்கு ஒரு முகத்தைக் காட்டு புள்ள. கருப்போ செவப்போ, ஒரு முகம் போதும்."

"போன தடவை பார்த்த முகம் போதாதா உங்களுக்கு?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தும், குடையில்லாமல் ரோட்டுக்குப் போய் நின்றான். அதன் பிறகு போன் மட்டும் வந்தது. அதுவும் "சாப்டியா?" என்று தொடங்கி "சரி வெச்சிடறேன்" என்று முடிகிற அளவுக்குச் சின்னதாகிவிட்டது.

நான்காவது மழைக்காலம் தொடங்கிய வாரம், பக்கத்து வீட்டு லூர்துமேரி தன் மகளைக் காப்பகத்திலிருந்து நிறுத்திப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். லூர்துமேரிக்கும் சந்திரமதிக்கும் ஒரே மாதத்தில்தான் பிரசவ நாள் குறித்திருந்தார்கள். அந்தப் பெண் புது ஷூ போட்டுக்கொண்டு, ஷூ நனையக் கூடாது என்று அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டு, "ஆயா, டாட்டா" என்று கையாட்டிவிட்டுப் போனது. சந்திரமதியும் கையாட்டினாள். உள்ளே இருந்தது விக்கிக்கொண்டிருந்தது.

அதே வாரத்தில் தண்ணீர்க் குழாயடியில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி, நல்ல மனதோடுதான், அவளைப் பார்த்துக் கேட்டாள்: "அக்காவுக்கு வயித்துல கட்டிங்களா? எங்க சித்திக்கும் இப்படித்தான் இருந்துச்சு, ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. நீங்களும் எடுத்துடலாமே."

குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அதில் பொல்லாப்பு எதுவும் இல்லை. "அது அப்படித்தான், அவளுக்கு ரொம்ப நாளா இருக்கு," என்று ஒருத்தி சொன்னாள். "வலியெல்லாம் ஒண்ணும் கிடையாது," என்று இன்னொருத்தி சொன்னாள். அது பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை. சந்திரமதி தானாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள், குடம் நிரம்பி வழிந்தது, அடுத்த ஆள் நகரச் சொன்னாள், அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில், வயிற்றின் மேல் பாரம் படாமல், சாய்த்து வைத்துக்கொண்டு நடந்தாள். எத்தனை காலமாக "எப்போ?" என்று தன்னை யாரும் கேட்கவில்லை என்று ஏற்றம் முழுக்க யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. தன்னையே தான் எப்போது கடைசியாகக் கேட்டோம் என்பதும் நினைவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் பெனிட்டா வழக்கம்போல இரண்டு கப் டீ கொண்டுவரச் சொன்னார். மாதம் ஒரு முறை சந்திரமதி வருவதும், பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் கேட்பதும், பிறகு மழையைப் பற்றிப் பேசுவதும் இத்தனை வருஷத்தில் அவருக்கும் பழகிப்போயிருந்தது.

"ஊசி போடுங்க டாக்டரம்மா."

டாக்டர் கப்பைக் கீழே வைத்தார். "என்ன ஆச்சு? அசைவு குறைஞ்சிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு? சந்திரமதி, நான் உன்கிட்ட அப்பச் சொன்னது வேற. அது எனக்குத் தெரிஞ்ச விஷயம். இது எனக்குத் தெரியாது. இத்தனை காலம் நல்லா இருக்கிற ஒண்ணைத் தொட எனக்குப் பயமா இருக்கு. இருக்கட்டுமே. உனக்கு என்ன கஷ்டம்?"

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லீங்க, அதுதான் கஷ்டம்," என்றாள் சந்திரமதி. "போன தடவை என்னை யாரும் கேக்கல. இந்தத் தடவை நானாத்தான் கேக்கறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போடுங்க."

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அங்கிருந்தபடியே, "நாளைக்கு வா," என்றார்.

எப்படியோ டிவிஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய பெண்கள் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள். பலருக்குக் கோபம். இத்தனை வருஷம் விட்டதை இப்போது எதற்குத் தொடுகிறார்கள், ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, ஆவணி வளைகாப்புக்குப் பந்தல்காரனிடம் சொல்லியாகிவிட்டதே என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கீழ் டிவிஷனிலிருந்து மாமியார் சொர்ணம் நனைந்துகொண்டே ஏறி வந்தாள். முதல் பிள்ளையைப் புதைத்த நாளிலிருந்து அவள் காலண்டர் பார்த்ததில்லை, ஜோசியர் தெருவில் நடந்ததில்லை, மருமகள் வீட்டுப் படியேறினால்கூட நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறவள்.

"நீ சொல்லு சொர்ணக்கா, நீ சொன்னா கேப்பா. வேண்டான்னு சொல்லு," என்றார்கள்.

சொர்ணம் உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலில் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க மருமகள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அவ கேட்டிருக்கா," என்றாள் சொர்ணம். "குடுக்கட்டும்." சொல்லிவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. வலி வரவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார், வரவில்லை. பிள்ளையின் நெஞ்சு எப்போதும்போல நிதானமாக அடித்தது, மருந்து வேறு யாருக்கோ ஏறுவதுபோல அது தன்பாட்டுக்கு இருந்தது. மத்தியானம் ஆனது. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல கூட்ட முடியாது," என்றார். வெளியே கூட்டத்தில் பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அப்போது சந்திரமதி கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இருந்ததோடு பேசினாள். உதடு அசையவில்லை. அவர்களுக்குள் எப்போதும் அப்படித்தான்.

'உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். உன்கிட்ட நான் சொன்னதே இல்ல. அவனை எல்லாரும் அவசரப்படுத்தினாங்க, நான் சும்மா பார்த்துட்டு இருந்தேன். அதனாலதான் உன்னை நிக்கச் சொன்னேன். உனக்காகத்தான்னு நெனச்சேன். முழுசா உனக்காக இல்ல. சாயங்காலம் வீட்டுக்குப் போனா நீ இருப்பேங்கறதுக்காகவும்தான். நீ வரவேண்டிய நாள் எதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. தெரிஞ்சா வர்றாங்க எல்லாரும்? வெளிய குளிரும். மழை. நான் ஒருத்திதான் இருக்கேன். இருந்தாலும் வா.'

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவள் வயிறு கல்லாக இறுகியது. நான்கு வருஷத்து வலியும் சேர்ந்து வரும் என்று எல்லோரும் பயந்திருந்தார்கள். அப்படி வரவில்லை, ஒரு பிரசவத்துக்கு எவ்வளவு வலியோ அவ்வளவுதான் வந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. வேலை விட்டுப் பெண்கள் கொழுந்து எடை போடும் நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. நீலமாக வந்து, ஒரு கணம் யோசித்து, பிறகு சிவந்து, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி அழுதது. டாக்டர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைவிடச் சத்தமாக அழுதார்.

ஊர் வந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் ஏமாந்துதான் போனது. "நாலு மழை உள்ள இருந்திருக்கு, ஒரு பல்லு மொளைக்கல பாரு," என்றார்கள். தலைமுடி இடுப்பு வரை இருக்கும் என்றவர்கள், வந்ததும் பேசும் என்றவர்கள், எல்லோரும் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, சாதாரணப் பிள்ளைதான் என்று போனார்கள். பந்தல்காரனிடம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். ஆபீசில் பிரசவ லீவு கொடுத்தார்கள். குருநாதன் திருப்பூரிலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்து, கையைக் கழுவிவிட்டு, பிள்ளையை வாங்கி முகத்தைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், "உன் மூக்கு," என்று மட்டும் சொன்னான். இருந்த லீவெல்லாம் தீரும்வரை இருந்துவிட்டுப் போனான், இனி வாராவாரம் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சந்திரமதி வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் பெனிட்டா வாசல்வரை வந்து, "இனி அடுத்த மாசம் எதுக்கு வருவே?" என்றார், கேலியாகச் சொல்வதுபோல. "தடுப்பூசி இருக்குதுங்களே," என்றாள் அவள்.

பிள்ளை பிறந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வந்து ஓய்ந்து, குருநாதனும் பஸ் ஏறிய பிறகு, துணைக்கு வந்து தங்கியிருந்த சொர்ணம் சந்தைக்குப் போயிருந்தாள். பிள்ளை சேலைத் தொட்டிலில் கிடந்தது, விழித்துத்தான் இருந்தது. சந்திரமதி அடுப்படியிலிருந்து எப்போதும்போல அதனிடம், பசிக்குதா, என்று கேட்டாள். தொட்டில் அசையவில்லை. மழை விட்டுடுச்சு பாரு, என்றாள். பிள்ளை திரும்பவில்லை. அதன் கண் கூரையில் எங்கேயோ இருந்தது. அவள் கிட்டே போய் நின்று, குனிந்து, மறுபடி கேட்டாள். அதற்குக் கேட்கவில்லை. அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. அங்கே தொளதொளவென்று தோல் மட்டும் இருந்தது, கேட்க ஆள் இல்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, வாயைத் திறக்காமல் பேசுவது இனி யாருக்கும் கேட்காது.

அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு தொண்டையைச் செருமினாள். பிள்ளையோடு அவள் வாய்விட்டுப் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. "மழை," என்றாள். கரகரவென்று வந்தது. "மழை விட்டுடுச்சு பாரு," என்று சத்தமாகச் சொன்னாள்.

பிள்ளை தலையைத் திருப்பிப் புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லூர்துமேரியின் குரல் வந்தது. "என்னையா கூப்பிட்ட?"

சந்திரமதி, இல்லை, பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். லைன் வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆமா," என்றாள். "வேலை இல்லன்னா வாயேன்."

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.